கவசமும் கானமும்

படப்பை என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் தோட்டம் என்று பொருள். என் பாட்டியின் இளமையில் எங்கள் ஊரும் வயலும் ஏரியுமாகவே இருந்ததாம். இன்றோ வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் பெருஞ்சாலை ஊரின் நடுவே இரவும் பகலும் இரைகின்றது. மேற்கே ஒரகடத்தில் மோட்டார்த் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. 1955-இல் சென்னையில் தொடங்கிய என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிலும் 2013-இல் அங்கு வந்து சேர்ந்தது. தொழிலைத் தொடர்ந்து மனிதரும் வந்தனர். ஒடிசாவினரும் பீகாரிகளும், கொரியரும் ஜப்பானியரும் ஜெர்மானியரும் இச்சாலையில் இன்று நாள்தோறும் காணும் முகங்களே.

அவ்வாறு வந்தவருள் ஒருவர் எங்கள் வீட்டு மாடியில் மூன்றாண்டுகள் குடியிருந்தார். அவர் ஐம்பது வயதை அணுகிய ஜெர்மானியப் பொறியாளர். அவர் கொணர்ந்த பொருள்களுள் எங்கள் தெருவார் கண்களை ஈர்த்தவை இரண்டு. ஒன்று, மோட்டார் சைக்கிள் சவாரிக்குரிய உடுப்புகள் நிறைந்த பெட்டி. மற்றொன்று ஒரு பழைய கிதார்.

சித்திரை வெயிலில் ஊரெல்லாம் வேர்த்துக் கொட்டும்போதும் அவர் கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிக்கொண்டே வண்டியில் ஏறுவார். "துரை போருக்குப் புறப்பட்டார்" என்று சிறுவர் நகைப்பர். அவருடன் சேர்ந்து நகைத்தவருள் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒருநாள் அவர் அவ்வுடுப்பை என் கையில் தந்து விளக்கினார். மேற்சட்டை காற்றுப் புகும் வலைத்துணியால் ஆயது. ஆயினும் தார்ச்சாலையில் தேய்ந்தால் எளிதிற் கிழியாது. தோளிலும் முழங்கையிலும் வைத்த திண்டுகள் தொட்டால் மென்மையாயிருந்து, அடிபட்ட கணத்தில் இறுகும் இயல்பின. தலைக்கவசத்தின் உள்ளிருக்கும் வெண்ணிற நுரைத்தட்டு தான் நசுங்கித் தலையைக் காக்கும். ஆதலால் ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் அணிதல் ஆகாது.

இக்கவசத்திற்கு ஒரு துயரக் கதையும் உண்டு. அரேபியப் போரில் புகழ்பெற்ற லாரன்ஸ் என்பார் 1935-இல் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, ஆறு நாளில் மாண்டார். அவரைக் கவனித்த மருத்துவருள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் அச்சாவை மறக்கவில்லை. இத்தகைய விபத்துகளை ஆராய்ந்து 1941-இல் தம் முடிவை வெளியிட்டார். பிரிட்டிஷ் படையில் வண்டியேறிச் செய்தி கொண்டு செல்வோர்க்குத் தலைக்கவசம் அவ்வாண்டிலேயே கட்டாயமாயிற்று. நம் நாட்டிலும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இதனை விதிக்கின்றது. உயர்நீதிமன்ற ஆணைப்படி 2015 ஜூலை முதல் தமிழ்நாட்டில் அது கண்டிப்பாக வற்புறுத்தப்படுகின்றது. நானோ போலீசார் கண்ணுக்கெட்டும் வரை தலையிலும், அப்பால் முழங்கையிலும் அதனை அணிந்து வந்தேன்!

அவர் தம்மிடம் மிகுந்திருந்த கையுறை ஒன்றை எனக்கு அளிக்க முன்வந்தார். "அது குளிர்நாட்டாருக்கு வேண்டியது" என்று மறுத்துவிட்டேன். அடுத்த மாதமே, ஓர் ஆவணி மாலையில், லாரியிலிருந்து சிந்திக் கிடந்த மணலில் என் வண்டி சறுக்கிற்று. அன்று நாற்சந்தியில் போலீசார் நின்றிருந்தமையால் கவசம் தலையில் இருந்தது, தலை தப்பிற்று. ஆனால் விழுகின்றவன் முதலில் ஊன்றுவது கையை அன்றோ? இரு உள்ளங்கைகளும் தோலுரிந்தன. ஐந்து வாரம் பேனாவைப் பிடிக்க இயலவில்லை. அப்பருவத் தேர்வையும் இழந்தேன். அவர் என்னைக் காண வந்தபோது கையுறையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்நாட்களில்தான் அவருடைய சனிக்கிழமை இரவுக் கச்சேரியை முதன்முதல் முழுமையாகக் கேட்டேன். அயல்நாட்டு நண்பர் இருவருடன் மொட்டைமாடியில் அமர்ந்து புளூஸ் என்னும் இசையைப் பாடுவார். அமெரிக்காவின் தென்பகுதியில், அடிமைகளாயிருந்தோரின் வழித்தோன்றல்களிடையே, பருத்தி வயல்களில் வளர்ந்த கானம் அது. பெரும்பாலும் ஓரடியைப் பாடி, அதனையே மீண்டும் பாடி, மூன்றாம் அடியில் விடை கூறுவர். விரலிற் செருகிய கண்ணாடிக் குழலால் தந்திகளின்மேல் வழுக்கி வாசிப்பதும் உண்டு. நம் கோட்டுவாத்தியம் என் நினைவுக்கு வந்தது. வயலை விட்டுத் தொழிற்சாலை தேடி வடக்கே சென்றோருடன் இவ்விசையும் சென்றது. டெட்ராயிட் நகரில் போர்டு மோட்டார் ஆலையில் வேலை செய்த ஜான் லீ ஹூக்கர் என்பார் இரவில் பாடியே புகழடைந்தார். 1962-இல் இத்தகைய பாடகர் சிலர் ஜெர்மனிக்கு அழைக்கப்பட்டனர். அவருள் ஹூக்கரும் ஒருவர். அவர்களைக் கேட்ட தம் தந்தையிடமிருந்தே இப்பற்று தமக்கு வந்தது என்றார் எங்கள் நண்பர்.

அன்றிரவு அவர் ஒரு பாட்டை மட்டும் தனியே பாடினார். கீழே திண்ணையில் படுத்திருந்த பாட்டி எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏண்டா, அந்தப் பிள்ளை யாரைப் பறிகொடுத்தது?" என்று கேட்டாள்.

"அது வெறும் பாட்டு, பாட்டி" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? இது ஒப்பாரிடா" என்று சொல்லிக்கொண்டே, முழங்கால் வலியையும் பாராமல் படியேறினாள். நானும் பின்சென்று, அவள் கேட்டதை ஆங்கிலத்தில் உரைத்தேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, சென்ற மாதம் தம் அன்னை இறந்ததையும், தாம் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டதையும் சொன்னார். ஒரே வீட்டில் வாழ்ந்தும் நாங்கள் அதனை அறிந்திலோம்.

பாட்டி அவர் பக்கத்தில் அமர்ந்து, தன் தாய்க்குத் தான் பாடிய ஒப்பாரியை மெல்லிய குரலில் பாடினாள். அவர் கிதாரில் அதனைத் தொடர முயன்றார்; சில இடங்களில் தொடரவும் முடிந்தது. தெருவில் இரவு வேலைக்குப் புறப்பட்ட ஒடிசா இளைஞர் சிலர் நின்று கேட்டனர்.

அவர் சென்ற ஆண்டு தம் நாடு திரும்பினார். போகும்போது அக்கையுறையை மீண்டும் நீட்டினார்; இம்முறை மறுக்கவில்லை. வழியில் நேரும் வீழ்ச்சிக்கு அஞ்சி உடலுக்குக் கவசம் அணிந்தவர், உள்ளத்திற்கு அப்பாட்டு ஒன்றையே வைத்திருந்தார். இரண்டையும் நான் வேடிக்கை என்று எண்ணினேன். ஒன்றன் பொருளை என் கைகளின் தழும்பு கற்பித்தது. மற்றொன்றன் பொருளை எழுத்தறியா என் பாட்டி கற்பித்தாள்.