வீட்டோடு போகலாம், வட துருவ வாசலுக்கு!

நத்தை தன் வீட்டையே முதுகில் சுமந்துகொண்டு போகிறதல்லவா? மோட்டார் ஹோம் என்கிற வண்டியும் அந்த ரகம்தான். அடுப்பு, படுக்கை, ஃபிரிட்ஜ், குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே! கனடாவின் வடமேற்கு மூலையிலுள்ள யூக்கான் பிரதேசத்தைச் சுற்றிப் பார்க்க இதைவிட வசதி வேறில்லை. ஊருக்கும் ஊருக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் காடும் மலையும்தான். அங்கே ஓட்டலை எங்கே தேடுவது?

வான்கூவரில் குடியிருக்கும் நாங்கள் வரும் ஜூலையில் கிளம்புகிறோம். விமானத்தில் வைட்ஹார்ஸ் நகரம் வரை. அங்கே வாடகைக்கு வண்டி. என் கணவரின் நெடுநாள் ஆசை, டெம்ஸ்டர் நெடுஞ்சாலை. டாசன் நகருக்கு அருகே பிரிந்து, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, இனுவிக் வரை சுமார் 740 கிலோமீட்டர் ஓடும் சாலை அது. 1979-ல் திறந்தார்கள். 2017-ல் இன்னும் சுமார் 140 கிலோமீட்டர் நீட்டி, டக்டோயாக்டக் என்ற கடலோர ஊரோடு இணைத்துவிட்டார்கள்.

"ஆர்க்டிக் கடல்ல காலை நனைச்சுட்டு வந்துடலாம்!" என்றார் அவர்.

எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் நாலு வயது மகளுக்கு இழுப்பு உண்டு. தூசி பட்டால் போதும், நெஞ்சு கீச்கீச்சென்று இழுக்க ஆரம்பித்துவிடும். டெம்ஸ்டரோ கிட்டத்தட்ட முழுக்கச் சரளைச் சாலை. அடியிலே எப்போதும் உறைந்தே கிடக்கும் மண். அது உருகிவிடாமலிருக்க, மேலே சரளையைக் கனமாகக் கொட்டித்தான் சாலையே போட்டிருக்கிறார்கள். கோடையில் ஒரு லாரி எதிரே வந்தால் புழுதி மண்டலம்தான்!

வரைபடத்தை விரித்துக் கணக்குப் பார்த்தேன். சாலை தொடங்கும் இடத்திலிருந்து ஈகிள் ப்ளெய்ன்ஸ் வரை 369 கிலோமீட்டருக்கு பெட்ரோல் பங்க் கிடையாது. ஆஸ்பத்திரி டாசனில் ஒன்று, அதை விட்டால் இனுவிக்கில்தான். நடுவே இரண்டு ஆறுகளைப் படகில் வண்டியை ஏற்றிக் கடக்க வேண்டும். பெரும்பாலான தூரத்துக்கு மொபைல் போனும் வேலை செய்யாது.

"சாட்டிலைட் போன் எடுத்துக்கலாமே?"

"போன் பேசும், சரிங்க. நடுராத்திரி குழந்தைக்கு மூச்சு முட்டினா டாக்டர் வந்து சேர எத்தனை மணி நேரமாகும்?"

அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் வீட்டில் மௌனம்தான். பிறகு அவரே குழந்தையின் டாக்டரிடம் கேட்டு வந்தார். மருந்து கையிலிருந்தால் தார்ச்சாலைப் பயணத்துக்குத் தடையில்லை, நாள்கணக்கில் புழுதி வேண்டாம் என்றாராம். அதனால் வைட்ஹார்ஸிலிருந்து டாசன் வரை நிதானமாகப் போய், டெம்ஸ்டரில் சுமார் 70 கிலோமீட்டரிலுள்ள டூம்ஸ்டோன் மலைப் பூங்காவை மட்டும் ஜன்னல்களை மூடிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவது என்று முடிவு. கடல் இன்னும் சில வருஷம் காத்திருக்கட்டும்.

நீங்களும் போவதானால் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

சரளைச் சாலையில் ஓட்ட அனுமதி உண்டா என்று வாடகை ஒப்பந்தத்தில் முதலிலேயே பாருங்கள். டெம்ஸ்டரில் தொலைதூரம் போகிறவர்களுக்கு உபரி டயர் இரண்டு அவசியம். கூரான கற்கள் கிழித்துவிடும். டாங்க் பாதியானதுமே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் அளவாகத்தான் இருக்கும். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அவல், ரவை என்று பாத்திரம் அதிகம் சேராத சமையலாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கழுவிய தண்ணீரைக் காட்டில் கொட்டக் கூடாது. அதற்கென்று உள்ள இடத்தில்தான் திறந்துவிட வேண்டும்.

சாப்பாட்டையும் குப்பையையும் வெளியே வைக்கவே வைக்காதீர்கள். வாசனைக்குக் கரடி வந்துவிடும்!

கோடை நடுவில் டாசனில் இரவிலும் சரியாக இருட்டாது. குழந்தைகள் தூங்க ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்து எடுத்துப் போங்கள். கொசுவலை, ஸ்வெட்டர் இரண்டும் வேண்டும்.

குழந்தையின் மருந்துகளில் தேவைக்கு இரண்டு மடங்கு எடுத்து, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். எப்போது எவ்வளவு கொடுப்பது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பைகள் இரண்டும் இப்போதே தயார்.