கோட்டுக்கு மேலே ஒரு பறவை

அக்டோபர் 1, 2025, புதன்

இன்றைக்கு ஆரம்பம். மினியாபோலிஸ் சுற்றுவட்டாரத்துத் தமிழ்ப் பெண்கள் சிலர் சேர்ந்து இந்த மாதம் முழுக்கத் தினமும் எழுதுவது என்று ஏற்பாடு. எதை வேண்டுமானாலும் எழுதலாம். 31ஆம் தேதி ராத்திரி அவரவர் நோட்டில் கொடுக்க மனம் வருகிற பக்கங்களைக் குழுவுக்குக் கொடுக்க வேண்டும்.

1999இல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் கிறிஸ் பேட்டி என்பவரும் அவருடைய கூட்டாளிகளுமாக 21 பேர், ஒரே மாதத்தில் நாவல் எழுதிப் பார்ப்பது என்று உட்கார்ந்தார்கள். 50,000 சொற்கள் என்பது இலக்கு. அடுத்த வருஷம் அதை நவம்பருக்கு மாற்றினார்கள். அப்புறம் உலகம் முழுக்கப் பரவியது. அதை நடத்திய அமைப்பு மூடப்படுவதாக இந்த மார்ச் கடைசியில் அறிவிப்பு வந்தது. "அமைப்பு போனா என்ன, நோட்டு இருக்குல்ல?" என்றார் எங்கள் குழுவில் மூத்த அக்கா. எனக்கு 50,000 வேண்டாம். தினம் பத்து வரி போதும்.

பட்ஜெட் தகராறில் நேற்று நள்ளிரவோடு மத்திய அரசு அலுவலகங்களை மூடிவிட்டார்கள். "நமக்கு அதனால ஒண்ணும் இல்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

அக்டோபர் 3, வெள்ளி

இவருக்கு வேலை போய்விட்டது. காலையில் பத்து நிமிஷ வீடியோ கால். மத்தியானத்துக்குள் லேப்டாப் பூட்டிக்கொண்டது. "ஊர்ல யார்கிட்டயும் சொல்லாத. இங்கயும்தான்" என்றார். சரி என்றேன்.

அக்டோபர் 6, திங்கள்

தூக்கம் வரவில்லை. எழுதி வைத்தால் தெளியுமா என்று பார்க்கிறேன்.

எச்1பி விசாவில் இருக்கிறவருக்கு வேலை போனால் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு ஒரு கம்பெனி இவர் பேரில் மனுப் போட வேண்டும். இல்லையென்றால் கிளம்ப வேண்டும். எங்கள் கணக்கில் அது டிசம்பர் 2. என்னுடைய எச்4 விசா இவருடையதில் தொங்குகிறது. பாப்பா இங்கே பிறந்தவள், அவளிடம் நீல பாஸ்போர்ட் இருக்கிறது. ஒரே வீட்டில் மூன்று பேர். அவள் ஒருத்திக்கு மட்டும் கெடு கிடையாது.

இதுவரை எனக்குத் தெரிந்திருந்தது இவ்வளவுதான். இன்றைக்கு வக்கீலிடம் பேசினோம். புதுக் கம்பெனி மனுப் போடுவதற்கு முன்னால், இன்ன வேலைக்கு இன்ன சம்பளம் கொடுப்போம் என்று தொழிலாளர் துறையிடம் எல்சிஏ என்ற ஒப்புதல் வாங்க வேண்டும். வழக்கமாக ஏழு வேலை நாளில் கிடைத்துவிடும். குடியேற்றத் துறை மனுக்கட்டணத்தில் ஓடுவதால் திறந்திருக்கிறது. தொழிலாளர் துறையோ பட்ஜெட் பணத்தில் ஓடுவது, மூடிக்கிடக்கிறது. எல்சிஏ பதிவு செய்கிற இணையதளமே திறக்கவில்லை. நாளைக்கே ஒரு கம்பெனி இவரை எடுத்துக்கொள்கிறேன் என்றாலும் அதனால் மனுப் போட முடியாது. அலுவலகம்தான் மூடியிருக்கிறது, எங்கள் 60 நாள் மூடவில்லை, அது பாட்டுக்கு ஓடுகிறது.

இதை எந்தக் கோபத்தில் சேர்ப்பது என்றுகூடத் தெரியவில்லை. யாரும் எங்களை நினைத்துச் செய்த காரியம் இல்லை இது. அதுதான் நெஞ்சை அடைக்கிறது.

அக்டோபர் 9, வியாழன்

ஹாலோவீனுக்கு லூன் வேஷம் வேண்டுமாம் பாப்பாவுக்கு. லூன் மினசோட்டாவின் மாநிலப் பறவை, 1961இல் இருந்து. ஏரியில் மிதக்கும் பெரிய கறுப்புப் பறவை. முதுகில் வெள்ளைக் கட்டங்கள், கழுத்தில் வெள்ளைக் கோடுகள், கண் மட்டும் ரத்தச் சிவப்பு. வகுப்பில் படம் காட்டியிருக்கிறார்கள். ராத்திரியில் அது ஊளையிடுமே, அதைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து செய்துகாட்டினாள். பக்கத்து அறையில் போனில் பேசிக்கொண்டிருந்த இவர் கதவைச் சாத்தினார்.

அக்டோபர் 10, வெள்ளி

ஒன்றும் நடக்கவில்லை. சாம்பார் வைத்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

கடையில் தொங்கும் வேஷங்களில் இளவரசி இருக்கிறாள், எலும்புக்கூடு இருக்கிறது, லூன் இல்லை. இருக்கிறதும் 40 டாலர். தைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

துணிக்கு எங்கே போவது? இந்த நாட்டில் வீட்டில் தைக்கிறவர்கள் எல்லோரும் போய்க்கொண்டிருந்த கடை ஜோயான். 1943இல் ஒஹாயோவில் தொடங்கியது. திவாலாகி, இந்த மே மாதக் கடைசியோடு நாடு முழுக்க அத்தனை கிளைகளையும் மூடிவிட்டார்கள். எங்கள் பக்கத்துக் கிளை இருந்த கட்டடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. கார் நிறுத்தும் இடத்தில் வெறுமனே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மீட்டர் கணக்கில் துணியைப் பிரித்து மேஜையில் போட்டு, விரலால் தடவிப் பார்த்து வாங்குவது எனக்குப் பிடித்த வேலை. மதுரையில் அம்மாவோடு புது மண்டபத்துத் தையல்காரரிடம் போன நாளில் இருந்து பிடிக்கும்.

கடைசியில் பழைய சாமான் கடையில் ஒரு கறுப்பு ஃபிளீஸ் போர்வை கிடைத்தது, 6 டாலர். ஃபிளீஸ் நல்ல துணி. வெட்டின ஓரம் பிரியாது, மடித்து அடிக்க வேண்டாம், குளிருக்கும் ஆகும்.

அக்டோபர் 16, வியாழன்

பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் தையல் மெஷின் கேட்கப் போனேன். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். பனிக்காலத்தில் இவர் அந்த வீட்டு வாசலையும் சேர்த்தே பனி தள்ளுவார். அதைத் தாண்டிப் பழக்கமில்லை.

கறுப்பு சிங்கர். உடம்பில் தங்க எழுத்து. எங்கள் வீட்டில் இருந்தது காலால் மிதிப்பது, இது மின்சாரத்தில் ஓடுவது. மற்றபடி அதே முகம். தொட்டதும் கை தானாக நூல் கோத்தது. அதைப் பார்த்துவிட்டுப் பாட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நான் பாப்பாவின் மார்பளவு, தோளளவு எழுதிய தாளை எடுத்தேன். பாட்டி அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். இந்த ஊரில் ஹாலோவீன் உடுப்புக்குக் குழந்தையை அளக்கவே கூடாதாம், கோட்டை அளக்க வேண்டுமாம். கோட்டுக்கு உள்ளே போட்ட வேஷம் யார் கண்ணிலும் படாது. கோட்டுக்கு மேலே போடும்படி தைத்தால்தான் வேஷம். போய்ப் பாப்பாவின் குளிர்காலக் கோட்டை எடுத்துவந்தேன். அதை மேஜையில் பரப்பி, சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டினோம்.

வெட்டிக்கொண்டே 1991 கதையைச் சொன்னார். அக்டோபர் 31 அன்று தொடங்கிய பனி நவம்பர் 3 வரை பெய்திருக்கிறது. மினியாபோலிஸில் 28.4 அங்குலம், வடக்கே டுலூத்தில் 36.9. பிள்ளைகள் முழங்கால் பனியில் வீடு வீடாகப் போனார்களாம். அன்றைக்குப் பாட்டி வீட்டுப் பையன் சூப்பர்மேன். சிவப்பு மேலங்கி பனியில் நனைந்து விறைத்து முதுகில் பலகையாய் நின்றதாம். பாட்டி சின்னவராய் இருந்தபோது கடையில் பென் கூப்பர் கம்பெனி வேஷங்கள் அட்டைப்பெட்டியில் விற்கும்: பிளாஸ்டிக் முகமூடி, பின்னால் ரப்பர், அதோடு ஒரு மெல்லிய அங்கி. அதற்கு ஏங்கி ஏங்கி அழுவாராம். வீட்டில் தைத்ததைத்தான் போட்டுவிடுவார்களாம். "இப்ப அந்தப் பெட்டி வேஷம் ஒண்ணாவது நினைவில இருக்கான்னு கேளு. அம்மா தைச்சது அத்தனையும் இருக்கு" என்றார்.

லூன் பற்றியும் பாட்டிக்கு நிறையத் தெரிந்திருக்கிறது. வடக்கே ஏரிக்கரையில் குடிசை வைத்திருந்தவர். அதன் கால் உடம்பின் கடைசியில் இருப்பதால் தரையில் நடக்கவே வராதாம். எலும்பு கனம், அதனால் ஆழமாக முங்கும். ஆனால் மேலே எழும்ப, தண்ணீரின் மேல் வெகுதூரம் ஓடியாக வேண்டும். குளிர்காலத்துக்கு மெக்சிகோ வளைகுடா பக்கம் போய்விடும். பெரியவை முதலில் கிளம்பிப் போகும். அந்த வருஷத்துக் குஞ்சுகள் ஏரியிலேயே சில வாரம் தங்கி, தண்ணீர் உறைவதற்குள் தாங்களாகவே புறப்பட்டுப் போகும்.

பாப்பா கேட்டாள்: "அம்மாவும் அப்பாவும் போயிட்டா குஞ்சுக்கு எப்படி வழி தெரியும்?"

பாட்டி என் முகத்தைப் பார்த்தார். நான் மெஷினை ஓட்டினேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பாப்பா பள்ளிக்கூடம் போனாள். விடியற்காலையில் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, அம்மா ஆகஸ்டிலேயே அனுப்பிய பாவாடை சட்டையை அரைமணி நேரம் போட்டுவிட்டு, படம் எடுத்து, கழற்றினேன். எங்களுக்குப் புதுத்துணி இல்லை. கேசரி மட்டும் கிண்டினேன்.

அம்மா போனில் "மாப்பிள்ளை ஆபீஸ் கிளம்பிட்டாரா?" என்றாள். "கிளம்பிட்டாரும்மா" என்றேன். இவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் ஒரு செய்தி. எச்1பி மனுக்களுக்குப் போன மாதம் வந்த 1,00,000 டாலர் கட்டண உத்தரவு, நாட்டுக்கு உள்ளே இருந்துகொண்டு கம்பெனி மாறுகிறவர்களுக்கு இல்லை என்று குடியேற்றத் துறை விளக்கம் கொடுத்திருக்கிறது. இவர் இரண்டு தடவை படித்தார். நல்ல செய்திதான். கெடு தாண்டி ஊருக்குப் போய்விட்டு மறுபடி வரலாம் என்று ஒரு மூலையில் வைத்திருந்த யோசனை இதோடு முடிந்தது என்பதும் அதே செய்திதான். அங்கிருந்து புதிதாகக் கூப்பிட எந்தக் கம்பெனி அவ்வளவு பணம் கட்டும்?

அக்டோபர் 21, செவ்வாய்

எழுத மனமில்லை.

அக்டோபர் 25, சனி

அனோகாவுக்குப் போனோம். ரம் ஆறு மிசிசிப்பியில் கலக்கும் ஊர். ஒரு காலத்தில் ஹாலோவீன் ராத்திரியில் விடலைப் பையன்கள் மாடுகளை அவிழ்த்து மெயின் ஸ்ட்ரீட்டில் விடுவதுவரை போயிருக்கிறார்கள். திட்டியும் பிடித்தும் பார்ப்பதை விட்டுவிட்டு, அவர்களுக்கு வேறு வேலை கொடுக்கலாம் என்று 1920இல் ஊர்ப் பெரியவர்கள் ஊர்வலம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஹாலோவீனின் உலகத் தலைநகரம் என்று ஊருக்கே பட்டம் சூட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது தகும் என்றே சொல்வேன். ஒரு பையன் அட்டைப்பெட்டியில் வாஷிங் மெஷின் செய்து உள்ளே நுழைந்துகொண்டு வந்தான். வட்டக் கதவு நிஜமாகவே திறந்தது, உள்ளே சாக்ஸ் தொங்கியது. எந்தக் கடையிலும் அது கிடைக்காது. அவன் வீட்டில் யாரோ வாரக்கணக்கில் அதற்காக ராத்திரி விழித்திருக்கிறார்கள்.

கூட்டத்தில் தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்று. "என்ன சார், ஆபீஸ் எப்படிப் போகுது?" என்று அவர் கேட்க, "பிஸிதான்" என்றார் இவர். திரும்பும் வழியில் யாரும் பேசவில்லை. பாப்பா தூங்கிவிட்டாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

உடுப்புக்குப் புள்ளி வைக்கும் நாள். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, முகத்தைச் சதுரமாகச் செதுக்கி, துணிக்கான வெள்ளைப் பெயின்ட்டில் ஒற்றி ஒற்றி முதுகில் அச்சு வைத்தேன். விலாப்பக்கச் சின்னப் புள்ளிகளுக்குப் பென்சிலின் பின்பக்க ரப்பர். நிஜ லூன் இந்த மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும் என்று பாட்டி சொன்னார். பாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. கோடைக்கால லூன்தான் வேண்டும்.

இரண்டு வரிசை முடிந்தபோது இவர் வந்து நின்றார். வரிசை சாய்கிறது என்றார். ஸ்கேல் எடுத்துவந்து சாக்பீஸால் கோடு போட்டார். அப்புறம் உருளைக்கிழங்கையே என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அரை அங்குலம் விட்டு ஒரு கட்டம், அடுத்த வரிசை அதன் இடுக்கில். மார்கழி வாசலில் புள்ளிக்கோலம் போடுகிற நிதானம். இந்த மாதம் முழுக்கக் கட்டைவிரலால் போனைத் தள்ளிக்கொண்டே இருந்த மனுஷர், இரண்டு மணி நேரம் போனை எடுக்கவில்லை.

கழுத்துப் பக்கம் வந்தபோது, தலையைத் தூக்காமல் கேட்டார்: "உங்க எழுத்துக் குழுவில யாரோட வீட்டுக்காரராவது டேட்டாபேஸ் வேலையில இருக்காங்களா?"

"கேட்டுப் பாக்கவா?"

"31ஆம் தேதி நோட்டுக் குடுப்பேல்ல, அப்ப கேளு."

கண்ணுக்கு இரண்டு சிவப்புப் பொத்தான் தைத்தேன்.

அக்டோபர் 30, வியாழன்

அலகு நிற்கவில்லை. பாட்டி கறுப்பு ஃபெல்ட் துண்டு கொடுத்தார். நின்றுவிட்டது.

அக்டோபர் 31, வெள்ளி

ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. கோட்டுக்கு மேலே லூன் கச்சிதமாக உட்கார்ந்தது. முதல் வீட்டில் பென்குவினா என்று கேட்டார்கள். பாப்பா பதில் சொல்லவில்லை; நிமிர்ந்து நின்று ஊளையிட்டாள். தெருக்கோடி வீட்டுப் பெரியவர் மட்டும் கதவைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டார். இரண்டு கையையும் குவித்து வாயில் வைத்து அதே ஊளையைத் திருப்பிப் போட்டார். அப்படி ஒரு சந்தோஷத்தைப் பாப்பா முகத்தில் நான் பார்த்ததே இல்லை. இவரும் தெருவில் நின்றபடி ஒரு தடவை ஊளையிட்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வக்கீலிடமிருந்து தகவல். அரசாங்கம் இன்னும் மூடித்தான் கிடக்கிறது; ஆனால் தொழிலாளர் துறை எல்சிஏ வேலையை இன்றைக்கு மறுபடி தொடங்கிவிட்டது. இணையதளம் திறந்துவிட்டது. இனி மனுப் போட ஒரு கம்பெனி மட்டும்தான் வேண்டும்.

பாட்டிக்கு மெஷினை நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லப்போகிறேன்.

குழுவில் இருக்கும் அக்கா, தங்கைகளுக்கு: எல்லாப் பக்கத்தையும் கொடுக்கிறேன், ஒன்றையும் எடுக்கவில்லை. இவர் ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் நிர்வாகத்தில் 14 வருஷம் வேலை பார்த்தவர். மினசோட்டாதான் என்றில்லை, எந்த மாநிலமானாலும் வருவோம். எல்சிஏவுக்கு ஏழு வேலை நாள் போகும், நடுவில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையும் வருகிறது. அதனால் நவம்பர் நடுவுக்குள் ஆள் எடுக்கும் இடம் தெரிந்தால், எந்த நேரமானாலும் எனக்குப் போன் பண்ணுங்கள்.