தம் கட்டாம தூக்கு

போன ஆவணியில எனக்கு பைபாஸ் ஆனது உங்கள்ல பல பேருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததுலேர்ந்து ஒரே பாட்டு: "வெயிட்டு தூக்காதீங்க." நியாயந்தான். அறுத்த நெஞ்செலும்பு கூடிவர ஏறக்குறைய 3 மாசம் ஆகுமாம். ஆனா தை பொறந்த பிறகும் அதே பாட்டு. தண்ணிக் குடத்தைத் தொட்டாக்கூட சம்சாரம் பிடுங்கிடுவா.

தினம் மேலூர்லேர்ந்து காவிரிக் கரையோட நடந்ததுல கால் தேறிடுச்சு. கை தேறல. 45 கிலோ யூரியா மூட்டைய ஒத்தையாளா தோள்ல போட்டவன், மம்முட்டிய எடுத்தா பத்து வெட்டுல தோள் நடுங்கி நின்னேன். அழுகையே வந்துடுச்சு.

டாக்டர் ட்ரெட்மில் பார்த்துட்டு, தில்லைநகர்ல ஒரு பிசியோதெரபி பொண்ணுகிட்ட அனுப்பினார். அது 2 கிலோ டம்பெல்லைக் கொடுத்து, "தூக்குங்க ஐயா"ன்னுச்சு. தூக்கினேன். "இப்ப மூச்சு விட்டீங்களா?"ன்னு கேட்டுச்சு. இல்லை. பன்னண்டு வயசுலேர்ந்து எதையும் தம் கட்டித்தானே தூக்கியிருக்கேன்!

தம் கட்டி முக்கினா நெஞ்சுக்குள்ள அழுத்தம் ஏறி, பிரஷர் சட்டுனு எகிறுமாம். அதனால தூக்கும்போது மூச்ச விடணும், இறக்கும்போது இழுக்கணும். மறந்துடுவோம்னா வாய்விட்டு எண்ணணும். சித்திரைத் தேர்ல "ரங்கா ரங்கா"ன்னு கத்திக்கிட்டே வடம் இழுக்கறோமே, அப்ப யாரால தம் கட்ட முடியும்?

வாரத்துல 2 நாள், நடுவுல ஓய்வு. ஒரு தடவைக்கு 10லேர்ந்து 15 வரைக்கும். கடைசி ரெண்டு மூணு கொஞ்சம் கஷ்டமா இருக்கணும், பல்லைக் கடிக்கிற அளவுக்குப் போகக் கூடாது. அமெரிக்க இதயச் சங்கம் 2000-லயே இதய நோயாளிங்களுக்கு இந்த மாதிரிப் பயிற்சியப் பத்தி அறிவுரை வெளியிட்டிருக்கு. நம்ம ஊர்ல இன்னும் 'நடங்க'ன்றதோட நின்னுடுது. ஆனா நெஞ்சுவலி விட்டு விட்டு வர்றவங்க, பிரஷர் அடங்காதவங்க டாக்டரைக் கேக்காம இதுல இறங்கிடாதீங்க.

தண்ணி பாட்டில்ல ஆரம்பிச்சு, 5 கிலோ அரிசிப் பைக்கு வந்தேன். போன வாரம் கொல்லையில பூவன் அறுப்பு. சின்னத் தாரா ஒண்ணு, 12 கிலோ இருக்கும். சம்சாரம் பார்க்காத நேரமாப் பார்த்து, "ஒண்ணே..."ன்னு சத்தமா இழுத்துக்கிட்டே தூக்கித் தோள்ல வச்சேன்.

தார் வெட்டுற பையன் திரும்பிப் பார்த்துட்டுக் கேட்டான்: "என்ன மாமா, இருக்கிறதே ஒரு தாரு, அதையும் எண்ணணுமா?"