உப்பும் ரொட்டியும்

விருந்தோம்பல் தமிழருக்கே உரிய தனிப்பண்பு என்று மேடைகளில் முழங்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. திருக்குறளில் அதற்கென ஓர் அதிகாரமே அமைந்திருப்பதால் அப்பெருமிதம் இயல்பானதே. ஆயினும், பிறர் வீட்டு வாசலில் அயலாராக ஒருமுறை நின்றவர்க்கே அதன் முழுப்பொருளும் விளங்கும்.

இரஷ்ய மொழியில் விருந்தோம்பலைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று 'ஹ்லெபசோல்ஸ்த்வா' என்பது. ரொட்டி, உப்பு ஆகியவற்றின் பெயர்கள் இணைந்து பிறந்த சொல் அது. பூவேலை செய்த துணியின்மேல் ரொட்டியையும் உப்பையும் ஏந்தி விருந்தினரை எதிர்கொள்வது அம்மக்களின் தொன்மையான வழக்கம். ஒருவரை அறிந்துகொள்ள அவரோடு ஒரு 'பூட்' உப்பையாவது உண்டு தீர்க்க வேண்டும் என்பது அவர்தம் பழமொழியின் கருத்து. ஒரு பூட் என்பது 16 கிலோகிராமுக்குச் சற்று மிகுதியான எடை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் நமக்கு இக்கருத்து அயலானதன்று.

இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மலேசிய மாணவர் பலர் மருத்துவம் பயில இரஷ்யா சென்றனர். ராசாவை அடுத்த தோட்டமொன்றிலிருந்து சென்று பீட்டர்ஸ்பர்க் நகரில் பயின்ற மாணவி ஒருத்தியை, உடன் பயின்ற தோழி ஒரு ஞாயிறன்று தன் பாட்டி வீட்டுக்கு அழைத்துச் சென்றாள். மாணவி வாங்கியிருந்த பத்து மலர்களுள் ஒன்றைத் தோழி வழியிலேயே எடுத்துவிட்டாள். இரட்டைப்படை மலர்கள் அங்கு இறந்தோர்க்கு உரியவை. கதவு திறந்ததும் மாணவி வெளியே நின்றபடியே கைநீட்டினாள். வாசற்படியின் குறுக்கே கைகுலுக்குதல் ஆகாது என்பதால், மூதாட்டி அவளை உள்ளே இழுத்து அணைத்துக் கொண்டார். அவள் மாட்டிறைச்சி உண்ணாதவள் எனப் பேத்தி வழி முன்னரே அறிந்து, காளான் சூப்பும் உருளைக்கிழங்கும் சமைத்து வைத்திருந்தார். "குஷாய், குஷாய்" என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறினார். மாணவியின் செவியில், "சாப்பிடு கண்ணு" என்னும் தன் பாட்டியின் குரலே ஒலித்தது. உணவு முடிந்ததும், மேசையில் சிந்திய ரொட்டித் துகள்களை மூதாட்டி உள்ளங்கையில் கூட்டி வாயில் இட்டுக்கொண்டார்.

அச்செயலின் காரணத்தைத் தோழி பின்னர் விளக்கினாள். அந்நாளில் லெனின்கிராட் எனப்பட்ட அந்நகரம், 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை முற்றுகையில் சிக்கியிருந்தது. 1941 நவம்பர் இறுதியில் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்குக் கிடைத்தது 125 கிராம் ரொட்டியே. மூதாட்டி அன்று சிறுமி. அவ்வாண்டு டிசம்பரில்தான் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கால் உயிர் பிழைத்த தோட்டத்துச் சிறுமியருள் ஒருத்தி மாணவியின் பாட்டி. அவரும் ஒரு சோற்றுப் பருக்கையைச் சிந்த விடாதவர். பசியறிந்தோர் இருவகையினர். இருப்பதை ஒளித்து வைப்போர் ஒருவகை. வாசலில் நிற்பவர் பசித்திருப்பாரோ என்று அஞ்சுவோர் மற்றொருவகை. இவ்விரு பாட்டியரும் இரண்டாம் வகையினர்.

பட்டம் பெற்று மருத்துவராகத் திரும்பிய அவள், தோட்டத்தைவிட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்திருந்த பெற்றோருடன் தீபாவளி கொண்டாடினாள். அடுத்த வீட்டில் வங்காளதேசத் தொழிலாளர் நால்வர் வாடகைக்கு இருந்தனர். அவர்களை அழைக்கலாம் என்றாள். "யார் எவரென்று தெரியாதவர்களையா?" என்று தாய் தயங்கினார். "எங்கப்பா கப்பலை விட்டு எறங்கினப்ப, அவரும் யாருக்கும் தெரியாத ஆளுதான்" என்றார் பாட்டி. அத்துடன் பேச்சு முடிந்தது. ஹலால் அல்லாத இறைச்சியை உண்ணாதவர்கள் என்பதால், அன்று சாம்பாரும் வடையும் பாயசமுமே சமைக்கப்பட்டன. நால்வரும் தயங்கித் தயங்கி வந்து, வயிறார உண்டு சென்றனர்.

கங்காணியின் சொல்லை நம்பியும் பிற வழிகளிலும் அயலாராய் இங்கு வந்தோரின் வழித்தோன்றல்கள் நாம். நம் முன்னோர் வெட்டிய பால்மரக் காடுகள் பல செம்பனையாகிவிட்டன; அங்கே இன்று வேற்று நாட்டவர் உழைக்கின்றனர். திறந்த இல்ல உபசரிப்பில் உற்றாரும் பிரமுகரும் அமர்வது சிறப்பே. ஆனால் வள்ளுவர் சொன்ன விருந்தினர், அழைப்பிதழ் பெறாமல் வேலிக்கு அப்பால் நின்றுகொண்டிருக்கிறார் என்பதை நாம் மறத்தல் ஆகாது.