சோம்பேறி என்று சொல்லாதீர்கள்!

பருத்த உடம்புக்காரர்கள் எப்போதும் சிரித்த முகமாக இருப்பார்கள் என்று நமக்கு ஒரு நினைப்பு. நாடகத்திலும் சினிமாவிலும் அவர்களுக்கு ஹாஸ்ய வேஷமே கொடுத்துப் பழகிவிட்டோம்.

நிஜ வாழ்க்கை வேறு. கம்பத்தில் வாழ்க்கைப்பட்ட என் பெரியம்மா மகள் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு பருத்துப் போனாள். கூடவே கலகலப்பும் போயிற்று. சுருளி அருவிக்குப் புறப்பட்டால் முதல் ஆளாக வண்டியில் ஏறுகிறவள், பகலிலும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். "உட்கார்ந்து தின்றால் உடம்பு ஏறாதா? எல்லாம் சோம்பல்!" என்று உறவுக்காரப் பெண்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

விஞ்ஞானிகள் அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. சுமார் 58,000 பேரைப் பற்றிய ஆய்வுகளை 2010-ல் தொகுத்துப் பார்த்தார்கள். பருமனானவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 சதவிகிதம் அதிகம். மனச்சோர்வு உள்ளவர்கள் பருமனாகும் வாய்ப்பு 58 சதவிகிதம் அதிகம். ஒன்று மற்றொன்றைக் கைபிடித்து அழைத்து வருகிறது!

இரண்டுக்கும் நடுவே தூது போவது யார்? குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களாக இருக்கலாம் என்கிறார்கள். நம் ஒவ்வொருவர் உடம்பிலும் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் உண்டு, பெரும்பாலானவை பெருங்குடலில். நமக்குச் செரிக்காத நாரைத் தின்று, உடம்புக்கு உதவும் பொருள்களைத் தருகின்றன. வாடகை பாக்கி வைக்காத குடித்தனக்காரர்கள்!

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஜாஸ்லின் நீரிழிவு மையத்தில், ரொனால்ட் கான் குழுவினர் எலிகளுக்குக் கொழுப்புத் தீனி கொடுத்தார்கள். எலிகள் பருத்தன, அச்சமும் சோர்வும் அவற்றைப் பிடித்துக்கொண்டன. பாக்டீரியாவை ஒடுக்கும் மருந்து கொடுத்ததும் அந்தக் குணம் மாறியது. பருத்த எலிகளின் குடல் பாக்டீரியாக்களை, பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குள் செலுத்தியபோது, அவற்றுக்கும் அச்சம் தொற்றியது! 2018-ல் வெளியான செய்தி இது.

எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆகையால் மருந்துக் கடைக்கு ஓடி மாத்திரை வாங்கி விழுங்கிவிடாதீர்கள். அது நல்ல குடித்தனக்காரர்களையும் விரட்டிவிடும்.

அக்காவைத் தேனி க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். தைராய்டு கோளாறு உண்டா என்று முதலில் பார்த்தார்கள். பிறகு மனநல மருத்துவர் பொறுமையாகப் பேசினார். மருந்து கொடுத்தார். இரவு புரோட்டாவைக் குறைத்து, கேப்பைக் களி, மொச்சை, கீரை, மோர் என்று பழைய பழக்கத்துக்குத் திரும்பச் சொன்னார். உடம்பு அதிகம் இளைக்கவில்லை. ஆனால் சாத்திய கதவு திறந்துவிட்டது.

சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் ஒருத்தி பருத்து, பேச்சுக் குறைந்து, இரண்டு வாரத்துக்கு மேல் முகம் வாடிக் கிடந்தால், "சோம்பேறி" என்ற சொல்லை வாயிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அவளுக்கு இடுப்பொடிய வேலை கொடுப்பதைவிட, மருத்துவரிடம் துணைக்குப் போவது பெரிய உபகாரம்.