ஆயிரத்து முப்பத்து மூன்று மனுக்கள்

அன்புள்ள கதிர்,

கல்யாணம் முடிந்த மறுநாளே கிளம்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். கிளம்பவில்லை. ஈரோட்டில் டவுன் பஸ் பிடித்து மொடக்குறிச்சிக்கு வந்துவிட்டேன். தேர்தல் வந்தால் திண்ணையில் பேப்பரை விரித்துவைத்து ஓட்டுக்கணக்குப் பார்க்கிறவன் நீ. ஊர்ப் பெயரைச் சொன்னதுமே உனக்கு 1,033 என்ற எண் ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

1996 சட்டமன்றத் தேர்தலில் இந்த ஒரு தொகுதியில் மட்டும் நின்றவர்கள் அத்தனை பேர். பெரும்பாலும் விவசாயிகள். கோரிக்கை மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்தவர்கள், கடைசியில் வேட்புமனுவையே கோரிக்கை மனுவாகக் கொடுத்துவிட்டார்கள். வாக்குச்சீட்டு சீட்டாக இருக்க முடியாமல் புத்தகமாகிவிட்டது. தேர்தலையே தள்ளிவைத்து நடத்தினார்கள். நாம் இதைப் படித்துவிட்டுச் சிரித்தது நினைவிருக்கிறதா? நேற்று அதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

தோட்டங்களுக்கு நடுவே ஒரு களத்தில் வேகவைத்த மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் வெறுங்காலால் அதைத் துழாவி விட்டுக்கொண்டிருந்தார். குனிந்து ஒரு விரலியை எடுத்து இரண்டு கையாலும் பிடித்து ஒடித்தார். ‘டக்’ என்ற சத்தம் வரவில்லை. நார் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. “இன்னும் ஈரம் இருக்குதுங்க. நாலு நாள் ஆகும்” என்றார். ஒடிந்த இடத்தில் காவி நிறம் பளிச்சென்று இருந்தது. அவர் நகக்கண்ணிலும் அதே நிறம்.

பேச்சுவாக்கில் 1996 பற்றிக் கேட்டேன். “நானும் நின்னனுங்க” என்றார். பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அந்தத் தேர்தலில் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. 158 பேருக்கு ஒரே ஒரு ஓட்டு. வேட்பாளர் இந்த மாநிலத்தில் எந்தத் தொகுதியின் வாக்காளராகவும் இருக்கலாம் என்பதால், வெளித்தொகுதிக்காரர் தனக்கே ஓட்டுப் போட்டுக்கொள்ள முடியாது. ஆனால் இவர் உள்ளூர்க்காரர்; இருந்தும் அந்த 88 பேரில் ஒருவர்.

“எனக்கு நானே போட்டுக்கலீங்க. ஆட்சி மாறோணும்னு இருந்துச்சு, அதனால கட்சிக்குப் போட்டுட்டேன். பேரு அந்தப் பொஸ்தகத்துல இருந்தாப் போதும்னு நெனச்சேன்.”

“வீட்டம்மா போட்டிருப்பாங்களே?”

“அவ போடறன்னுதானுங்க சொன்னா. நாந்தான் வேண்டாம்னுட்டேன்.”

இதைக் கேட்டதிலிருந்து அந்த 88 என்ற எண்ணை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. தோற்றவர்களின் கணக்கு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். பெயரை ஒரு காரியத்துக்கும் ஓட்டை இன்னொரு காரியத்துக்கும் பிரித்துக் கொடுக்கத் தெரிந்தவர்களும் அதில் இருந்திருக்கிறார்கள்.

அவர்கள் கோபத்தின் மண்ணையும் நீ பார்க்க வேண்டும். ஒரு பக்கம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால். இன்னொரு பக்கம் சுதந்திரத்துக்குப் பிறகு கட்டிய பவானிசாகர் அணையிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்கால். கீழ்பவானியில் முறைநீர்தான். ஒரு வருஷம் ஒற்றைப்படை மதகுக்காரருக்கு நெல்லுக்குத் தண்ணீர், இரட்டைப்படைக்காரருக்குப் புன்செய்ப் பயிருக்கு, மறுவருஷம் மாறும். முறைக்காகக் காத்திருப்பது இவர்களுக்குப் பழக்கம். காத்திருந்தும் முறை வராதபோதுதான் 1,033 பேர் வரிசையில் வந்து நின்றார்கள்.

1996ல் ஜெயித்தது தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். தோற்றவர் அ.தி.மு.க.வின் ஆர்.என். கிட்டுசாமி. சுப்புலட்சுமிக்கு இந்தத் தொகுதி புதிதல்ல; 1977ல் இதே மொடக்குறிச்சியில் அ.தி.மு.க. வேட்பாளராக ஜெயித்து எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இடம் பெற்றவர். கிட்டுசாமியும் 2011ல் திரும்பி வந்து ஜெயித்தார். பிறகு 2021. மாநிலம் முழுக்க தி.மு.க. காற்று அடித்தபோது, அந்தக் கட்சியின் துணைப் பொதுச்செயலாளராக இருந்த சுப்புலட்சுமி இங்கே பா.ஜ.க.வின் டாக்டர் சி. சரஸ்வதியிடம் தோற்றார். வித்தியாசம் 281 ஓட்டு. 1996ல் நின்ற வேட்பாளர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பேர்தான் அது! ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வருகிற கூட்டம்கூட அதைவிட அதிகம்.

1996 தேர்தலுக்குப் பிறகு அரசு என்ன செய்தது தெரியுமா? அந்த வருஷமே தெலுங்கு நாட்டில் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர், கர்நாடகத்தில் பெல்காமில் 456 பேர் நின்றிருந்தார்கள். நல்கொண்டாவில் குடிதண்ணீரில் ஃபுளோரைடு கலந்து எலும்பைத் தின்கிறது என்பது மக்களின் வேதனை. உடனே சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்றத் தேர்தலுக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆனது, பிற்பாடு 10,000. சுயேச்சையை முன்மொழியப் பத்து வாக்காளர்கள் வேண்டும் என்றானது. ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் பணம் போச்சு. இத்தனை பெயரை அச்சடித்து எண்ணுகிற அதிகாரிகளின் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இவ்வளவு பேர் ஏன் வந்தார்கள் என்று கேட்பதற்கு முன்னால் வாசற்படியை உயர்த்தியது தப்பு என்றே நினைக்கிறேன்.

படியை உயர்த்தியும் வந்தார்கள். 2019ல் தெலங்கானாவின் நிஜாமாபாத் மக்களவைத் தொகுதியில் 185 பேர். அங்கேயும் பெரும்பாலோர் விவசாயிகள்; மக்களவைக்கு டெபாசிட் ஆளுக்கு 25,000 ரூபாய். மஞ்சளுக்கு விலை வேண்டும், வாரியம் வேண்டும் என்று நின்றார்கள். இதைச் சொன்னதும் பெரியவர் துழாவுவதை நிறுத்திவிட்டார்.

“அவங்களும் மஞ்சளுங்களா?”

“ஆமாங்க.”

“வாரியம் வந்துச்சுங்களா?”

“வந்துச்சுங்க. 2025 ஜனவரியில, நிஜாமாபாத்துலயே.”

மனசுக்குள் கணக்குப் போட்டார். “கிட்டத்தட்ட ஆறு வருசம்” என்றார். முகத்தில் பொறாமை தெரியவில்லை. தனக்கு வேண்டியவர் வீட்டு நல்ல சேதியைக் கேட்டது மாதிரிதான் இருந்தது. பிறகு களத்தின் அடுத்த ஓரத்திலிருந்து மறுபடி துழாவ ஆரம்பித்தார். வெயில் இறங்குவதற்குள் ஒரு சுற்று முடிக்க வேண்டுமாம்.

கிளம்பும்போது முறம் நிறையக் காய்ந்த விரலி கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பாதியை உன் அம்மாவுக்கு எடுத்து வருகிறேன். நாளை ராத்திரி ரயில்.

அன்புடன்,
முத்து