மூச்சும் புழுதியும்

கோடைக்காலத்து இரவொன்றில், பெரக்கரை நாட்டுச் சிற்றூரில் நோயுற்றிருந்த முதியவர் ஒருவருக்கு நோயில் பூசுதல் அளிக்க அழைப்பு வந்தது. நமது பழைய மோட்டார் சைக்கிள் மேட்டில் திணறிற்று; கரும்புகை கக்கி நடுவழியில் நின்றுவிட்டது. எஞ்சிய தொலைவை நடந்து கடந்தபோது, பெரியவரின் மூச்சு அடங்கியிருந்தது. “பரவாயில்லைங்க சாமி” என்றார் மகன். அச்சொல் நம்மை உறங்க விடவில்லை.

மறுநாள் மெக்கானிக் தம்பி ஏர் பில்டரைக் கழற்றித் தட்டினார். செம்மண் தூள் கொட்டிற்று. “இதைக் கடைசியா எப்ப மாத்துனீங்க சாமி?” நமக்கு நினைவில்லை.

அருகில் நின்ற இளைஞர் ஒருவர், “பெட்டியையே எடுத்துட்டு கோன் பில்டர் போடுங்க சாமி, வண்டி பறக்கும், சத்தமும் கம்பீரமா வரும்” என்றார். ஆசை நமக்கும் எழுந்தது. தம்பியோ பொறுமையாக விளக்கினார்.

ஒரு பங்கு பெட்ரோல் முறையாக எரிய, எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். 1000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. எனவே சமவெளிக்கென அமைத்த கார்புரேட்டர் மலையில் பெட்ரோலைச் சற்று மிகுதியாகவே தரும். பில்டரும் அடைத்துக்கொண்டால் கரும்புகைதான். அதற்காகக் காற்றை வரம்பின்றித் திறந்துவிட்டால், அதற்கேற்ப ஜெட்டையும் மாற்ற வேண்டும்; இல்லையேல் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறும். பெட்டியின் காப்பு இல்லாத கோன், எஞ்சினின் வெப்பக் காற்றையும் மழைச் சாரலையும் சேர்த்தே உறிஞ்சும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் வெளியான வண்டிகளில் பெட்ரோல் அளவைப் பெரும்பாலும் மின்னணுக் கருவியே கணிக்கிறது. நமது வண்டிக்கு அந்த வசதி இல்லை.

எஞ்சியவை மூன்று. காகித பில்டர் நன்றாக வடிகட்டும். ஆனால் கழுவ இயலாது. எண்ணெயிட்ட பருத்தி பில்டர் பல்லாண்டு உழைக்கும், விலை அதிகம். எண்ணெயிட்ட ஸ்பாஞ்சு பில்டரைக் கழுவலாம். கரடுமுரடான மண்தடங்களில் பந்தயம் ஓடும் வண்டிகள் நம்புவதும் அதையே. பழைய பெட்டிக்குள்ளேயே பொருந்தும் ஸ்பாஞ்சைத் தேர்ந்தோம். வேகம் கூடவில்லை, சத்தமும் கூடவில்லை.

அன்பர்களே, எந்த பில்டரும் தன்னைத் தானே கழுவிக்கொள்ளாது. மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை அதைக் கழுவி, உலர்த்தி, எண்ணெயிட்டுப் பிழிகிறோம். கழுவிய நீர் செந்நிறமாக ஓடும்போதெல்லாம், நாம் காலந்தாழ்ந்து சென்றடைந்த அந்த வீட்டின் விளக்கு நினைவுக்கு வருகிறது.